கொடுவாவின் காதுக் கல்

அத்தியாயம் 5

"ரெண்டாவது லோடுல தலைப் பெட்டியே வரல மேடம். அல்லா மேல ஆணையா சொல்றேன், வரல."

காலையிலிருந்து சமீருல்லா இதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்பூர் டேனரியின் டைம் ஆபீசில், ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். செல்போனைப் பிடுங்கியாகிவிட்டது. நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட மனுஷனுக்குத் தோன்றவில்லை.

"தலை வரலன்னா அதுக்குள்ள இருக்கற கல்லு மட்டும் எப்படி பாய் வந்துச்சு? நடந்து வந்துச்சா?" என்று கேட்டாள் ஃபீபி.

"அதான் எனக்கும் புரியல."

ஃபீபியின் பின்னால் நின்ற தனகோடி தொண்டையைச் செருமினார். "பாய், பொய்யின்னா டிக்கெட் எடுத்துட்டுச் சொல்லணும். நீங்க வித்தவுட்ல வர்றீங்க. ஆரணி ரூட்ல நான் இந்த மாதிரி மூஞ்சிய நெறைய பார்த்தாச்சு."

தனகோடி முன்னாள் தனியார் பஸ் கண்டக்டர். விசில் போனாலும் வாய் போகவில்லை. இப்போது ஃபீபியின் துப்பறியும் அலுவலகத்தில் டிரைவர், உதவியாளர், எடுபிடி எல்லாம் அவர்தான். ஃபீபியைவிட மூத்தவர் என்பதால் அவள் அவரை அண்ணே என்பாள். சம்பளம் கொடுப்பவள் என்பதால் அவர் அவளை மேடம் என்பார்.

சமீருல்லா ஃபீபியை நிமிர்ந்து பார்த்தார். "என் பொண்ணு குர்ஷித் இதே கம்பெனியில தையல் லைன்ல இருக்கா. போலீஸ் ஜீப்பு அவ ஜன்னலைத் தாண்டித்தான் போகும். அதுக்கு முன்னாடி எதுனா பண்ணுங்க மேடம்."

அப்போதுதான் முதலாளி நிசார் அஹமது உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, நறுக்கிய நரைத்தாடி, இடுப்புப் பட்டையில் வெள்ளிச் சங்கிலியில் தொங்கும் ஒரே ஒரு சாவி. கையில் டீ கிளாஸ். ஆபீஸ் பாய் இருக்க, அவரே கொண்டுவந்து சமீருல்லாவின் கையில் கொடுத்தார்.

"குடி சமீர். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல நீ."

ஃபீபிக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. தன்னை ஏமாற்றியவனுக்கு டீ கொடுக்கிற மனசு யாருக்கு வரும்? வெளியே வந்ததும் நிசார் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, விஷயம் கிளியர்தானே? நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். இன்ஸ்பெக்டர் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்றேன்னுட்டார்."

"லேப்ல அந்தக் கல்லை ஒருதரம் கண்ணால பார்த்துட்டு வந்து சொல்றேன் பாய்."

"எதுக்கு வீண் அலைச்சல்? சரி, உன் பழக்கம் எனக்குத் தெரியாதா. போய்ட்டு வா."

*

காட்பாடி போகும் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. தனகோடி பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்தார்.

"கால்ல இன்னா அண்ணே?"

"நேத்து வாணியம்பாடில ஒரு கல்யாணம் மேடம். சாப்ட்டு வெளிய வந்தா எவனோ என் வலது கால் செருப்பை மாட்டிக்கிட்டுப் போய்ட்டான். அவனோட இடது காலு அங்க கெடக்குது. இப்ப என்கிட்ட ரெண்டும் இடது. ஆம்பூர்ல வேலை செய்றவன் காலுக்கு வந்த பேஜாரைப் பாருங்க!"

ஃபீபி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

விவகாரம் இதுதான். மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் பதப்படுத்திய நிசார் பாய், புதிதாக மீன் தோலில் இறங்கியிருந்தார். கொடுவா மீனின் தோல். செதில் உதிர்ந்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பை மாதிரி இருக்கும். பார்க்க அவ்வளவு அழகு. வாங்குகிற இத்தாலிக்காரன் ஒரு நிபந்தனை போட்டான். குளத்தில் வளர்த்த மீன் கூடாது, கடலில் பிடித்ததாக இருக்க வேண்டும். அதுவும் வயதுக்கு வந்து இனம் பெருக்கிய மீனாக இருக்க வேண்டும்; குஞ்சு குளுவானைப் பிடித்துக் கடலைக் காலி பண்ணக் கூடாது. நல்ல எண்ணம்தான். ஆனால் உரித்த தோலைப் பார்த்து மீனின் வயதை எப்படிச் சொல்வது? அதற்குத்தான் தலைப் பெட்டி. தோலோடு அதே மீன்களின் தலைகளில் சிலவற்றை ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். அதன் காதுக் கல்லை எடுத்துக் காட்பாடியில் ஆராய்ச்சி செய்யும் அம்பரீன் வயது சொல்வாள்.

முதல் லோடு பிரச்சினையில்லாமல் போனது. இரண்டாவது லோடுக்கு, இது குளத்து மீன் தோல் என்று இத்தாலிக்காரன் சோதனை செய்து திருப்பி அடித்துவிட்டான். அம்பரீனோ, இந்தத் தடவை கம்பெனியிலிருந்து பிரித்தெடுத்தே அனுப்பிய கல்லெல்லாம் கடல் மீனுடையதுதான், நல்ல வயதான மீன் என்கிறாள். அப்படியானால் கல் அசல், தோல் போலி. மீன் தோல் ஏறும் பழவேற்காட்டுக்கும் ஆம்பூருக்கும் நடுவில் யாரோ கடல் தோலை விற்றுவிட்டுக் குளத்துத் தோலை ஏற்றியிருக்கிறார்கள். லோடு கொண்டுவந்தவர் சமீருல்லா. வேறு யாரைச் சந்தேகப்பட?

"நிசார் பாய்க்கு உங்க மேல தனிப் பாசம்தான் மேடம்," என்றார் தனகோடி. "நம்ம ஆபீஸ் மேஜை மேல ஒரு ஒத்தை ஷூவை வெச்சிருக்கீங்களே, அது அவர் குடுத்ததுதானே? வர்றவன் எல்லாம் இன்னொரு காலு எங்கன்னு என்னைக் கேக்கறான்."

"அதோட வலது கால் பாய்கிட்ட இருக்கு."

அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. வேலை தெரியாத பெண்ணாக அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தவளை, சாம்பிள் ரூமில் கூடவே நின்று தோலைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் நிசார். பிறகு அவள் இத்தாலிக்காரனுக்கே தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டரானாள். ஃபீபி ஓகே சொன்னால் கன்டெய்னரை மூடலாம் என்று ஊரே சொல்லும் அளவுக்குப் பேர். கணவன் ஜோஸ் செத்து, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, அலுவலகத்துக்கு இடம் பிடித்துக் கொடுத்து, உன் கண்ணு சும்மா இருக்கக் கூடாது தங்கச்சி என்று எழுப்பி உட்கார வைத்தவரும் அவரே. கூடப் பிறந்தவன்கூட அவளுக்கு அவ்வளவு செய்யவில்லை.

*

"செருப்பை வெளியவே விட்டுடுங்க," என்றாள் அம்பரீன். முப்பது வயதிருக்கும். தலையைச் சுற்றிய துப்பட்டாவின் மேல் பெரிய மூக்குக் கண்ணாடி. "தூசி வந்தா கல்லு அறுக்கற மெஷின் கெட்டுடும்."

மேஜைத் தட்டில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளை வெளேரென்று கற்கள் கிடந்தன. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், ஓரமெல்லாம் நெளிவு.

"மீனுக்கு ஏதும்மா காது?" என்று ஆரம்பித்தார் தனகோடி. "காது இருந்தா மார்க்கெட்ல அத்தனை சத்தத்துக்கு எழுந்து ஓடியிருக்குமே!"

"வெளிய தெரியாது அங்கிள். மண்டைக்குள்ள, மூளைக்குக் கீழ இருக்கும். மீன் வளர வளர இந்தக் கல்லும் வளரும். தீனி ஜாஸ்தியா கெடைக்கற காலத்துல அகலமா ஒரு பட்டை விழும். கம்மியான காலத்துல ஒடுக்கமா ஒரு கோடு. பட்டையும் கோடும் சேர்ந்தா ஒரு வருஷம்."

அவள் கம்ப்யூட்டர் திரையில் ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். பிசினில் பதித்து மெலிசாக அறுத்த கல். நடுவிலிருந்து ஓரம் வரை வளையம் வளையமாகப் போனது.

"இங்க பாருங்க, முதல்ல பட்டையெல்லாம் அகலம். அது வளர்ற வயசு. இந்த இடத்துல இருந்து கோடுங்க நெருங்குது பாருங்க. இங்கதான் வயசுக்கு வந்திருக்கு. அதுக்கப்புறம் தின்னதெல்லாம் இனப்பெருக்கத்துக்கே போய்டும், உடம்பு வளர்றது கம்மியாய்டும். கொடுவால இன்னொரு விஷயம். முதல்ல ஆணா இருக்கும். சில வருஷம் போனா அதே மீன் பெண்ணா மாறி முட்டை போடும்."

"அப்ப லேடீஸ் சீட்டா, ஜென்ட்ஸ் சீட்டா? கண்டக்டர் செத்தான்!"

அம்பரீன் சிரித்துவிட்டாள். ஃபீபி விடவில்லை. "குளத்து மீனா இருக்க வாய்ப்பே இல்லையா?"

"இல்லவே இல்ல மேடம். குளத்துல நேரா நேரத்துக்குத் தீனி போடுவாங்க. சீக்கிரம் பெருசாய்டும், சீக்கிரம் பிடிச்சுடுவாங்க. கல்லுல ஒரு கோடு ரெண்டு கோடுக்கு மேல பார்க்க முடியாது. இதெல்லாம் ஏழு வருஷம், எட்டு வருஷம் கடல்ல திரிஞ்ச மீன்."

ஆக, முடிந்தது. சமீருல்லாதான். ஃபீபிக்குள் ஒரு நிம்மதி பரவியது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலில் கிடந்த தனகோடியின் செருப்புகள் கண்ணில் பட்டன. இரண்டும் ஒரே பக்கம் வளைந்து, இரண்டும் இடது. காலத்துக்கும் செருப்பைப் பார்த்தே பிழைத்த கண். அதற்கு ஒரு செருப்பைப் பார்த்தால் அதன் சோடியைத் தேடத்தான் தெரியும்.

அவள் அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வந்து தட்டின் மேல் குனிந்தாள்.

"அம்பரீன், இந்தக் கல்லெல்லாம் ஒரே பக்கமா வளைஞ்சிருக்கே?"

"ஆமா, எல்லாம் வலது காது. மீனுக்கு ரெண்டு கல்லு மேடம், இடது ஒண்ணு வலது ஒண்ணு. எது குடுத்தாலும் வயசு ஒண்ணுதான். அதனால நான் கண்டுக்கல."

"முதல் லோடு?"

அம்பரீன் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துப் பார்த்தாள். "எல்லாமே இடது."

ஃபீபி அந்த டப்பாவைத் தட்டுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தாள்.

"முதல் லோட்ல ஏதாவது விசித்திரமான மீன் இருந்துச்சா? மத்ததுல இல்லாத மாதிரி ஏதாவது அடையாளம்?"

"ஒண்ணு இருந்துச்சு. மூணாவது வருஷம் அது பட்டினி கெடந்திருக்கு. அடிபட்டிருக்கலாம், எதுனா சீக்கா இருக்கலாம். அந்த இடத்துல பட்டையே இல்லாம ரெண்டு கோடு ஒட்டிக்கிட்டு இருக்கும்." சொல்லிக்கொண்டே அந்தப் படத்தைத் திரையில் போட்டவள், பக்கத்தில் இரண்டாவது லோடின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒரு படத்தில் அவள் விரல் நின்றுபோனது.

மூன்றாவது வருஷத்தில் பட்டையே இல்லை. இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டு நின்றன. கண்ணாடியில் பார்த்த மாதிரி, அதுவேதான்.

அம்பரீனின் முகம் வெளுத்துவிட்டது. மற்ற கற்களுக்கும் சோடி தேடினாள். இடதுக்கு ஒரு வலது, இடதுக்கு ஒரு வலது. ஒன்றுகூட அனாதையாக நிற்கவில்லை.

"ஒரு மீனு ரெண்டு தபா சாவுமா மேடம்?" என்றார் தனகோடி மெதுவாக.

"சாகாது அண்ணே. ரெண்டாவது லோடுக்குத் தலையே வரல. சமீருல்லா சொன்னது நிஜம்." ஃபீபி அம்பரீன் பக்கம் திரும்பினாள். "முதல் தடவை கல்லை எடுத்தது யாரு அம்பரீன்?"

"நான்தான் கம்பெனிக்கு வந்து எடுத்துக் காட்டினேன். நிசார் சார் பக்கத்துலயே உக்காந்து இடது ஒரு பக்கம், வலது ஒரு பக்கம்னு அவர் கையால பிரிச்சார். இடதை என்கிட்ட குடுத்துட்டு வலதை எடுத்து வெச்சுக்கிட்டார். எதுக்கு சார்னு கேட்டேன். ஒரு காலு ஊருக்குப் போனா ஒரு காலு வீட்ல இருக்கணும்மான்னு சிரிச்சார்."



அந்த வாக்கியம் ஃபீபிக்குத் தெரியும். சாம்பிள் ரூமில் முதல் நாள் நிசார் பாய் அவளுக்குச் சொன்ன முதல் பாடம் அது. வெளிநாட்டுக்காரனுக்குச் சாம்பிள் அனுப்பினால் ஒரு காலைத்தான் அனுப்புவார்கள். சோடி கம்பெனி அலமாரியிலேயே இருக்கும். நாளைக்குத் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க. ஆம்பூரில் தோல் தொட்டவன் எவனுக்கும் கை தானாகவே அப்படித்தான் பிரிக்கும். அந்த அலமாரியின் சாவி நிசாரின் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. சொந்த மகன் தன்சீலுக்குக்கூட அவர் அதைத் தந்ததில்லை.

*

திரும்பி வரும் வழியில் பள்ளிகொண்டா தாண்டும்வரை காரில் பேச்சில்லை. தனகோடியின் வாய் இவ்வளவு நேரம் மூடிக் கிடந்தது அவருக்கே உடம்புக்கு ஆகவில்லை போலிருக்கிறது.

"ரெண்டாவது லோடு மே மாசம்தானே மேடம்?"

"ஆமா."

"அப்ப மீன்பிடி தடைக்காலம். பெரிய போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடந்துச்சு. ஒரு லோடு கடல் கொடுவா எங்கருந்து வரும்? நம்ம மரமண்டைக்கு இது அப்பவே ஒறச்சிருக்கணும்."

உறைத்திருக்க வேண்டும்தான். ஆனால் சொன்னது நிசார் பாய். அவர் சொன்னால் அவள் கேள்வி கேட்பதில்லை. சமீருல்லா சொன்னதைக் கேள்வியால் துளைத்தவள், நிசார் சொன்னதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சாவியை யாராவது திருடியிருக்கலாமே, தன்சீலாக இருக்கலாமே என்று மனசு எங்கெங்கோ போய்ச் சாக்குத் தேடியது. எதுவும் நிற்கவில்லை.

ஆம்பூர் வந்ததும், "ஆபீஸ்ல ஒரு நிமிஷம் நிறுத்துங்க அண்ணே," என்றாள். மாடிக்குப் போய், ஒரு பொருளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். தனகோடி அதைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

*

"வா தங்கச்சி, சாப்ட்டியா? பிரியாணி சொல்லியிருக்கேன்," என்றார் மாடி அறையில் இருந்த நிசார்.

"சாம்பிள் அலமாரியைக் கொஞ்சம் திறங்க பாய்."

அவர் கை சாவி வரைக்கும் போய் நின்றது. "எதுக்கு?"

"கொடுவாவோட வலது கல்லுங்க அங்கதானே இருந்துச்சு? இப்ப இருக்கான்னு பார்க்கணும்."

நிசார் சிரிக்கப் பார்த்தார். "சமீர் எடுத்திருப்பான்."

"சாவி?"

நிசார் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். கீழே தோல் பதப்படுத்தும் டிரம் சுற்றும் சத்தம் தரை வழியாக வந்துகொண்டிருந்தது.

"மீன்காரனா இருந்தா எல்லாக் கல்லையும் ஒண்ணா அள்ளிப் போட்டிருப்பான்," என்றாள் ஃபீபி. "அதுல பாதியைத் திரும்ப அனுப்பியிருந்தாலும் எவனுக்கும் சந்தேகம் வந்திருக்காது. நீங்க தோல்காரர். உங்க கைக்கு இடதையும் வலதையும் கலக்கத் தெரியல. அதுலதான் மாட்டினீங்க."

நிசார் உட்கார்ந்தார். "கடல்ல மீன் இல்ல. இத்தாலிக்காரன் காத்திருக்க மாட்டான், ஆர்டர் வேற ஊருக்குப் போய்டும். ஒரு லோடு, ஒரே ஒரு லோடு, குளத்துத் தோலைப் போட்டேன். பழவேற்காட்டுலயே மூடின பெட்டியாக் குடுக்கச் சொல்லிட்டேன். சமீருக்கு ஒண்ணும் தெரியாது."

"அவரை எதுக்கு மாட்டி விட்டீங்க?"

"யாராவது ஒருத்தன் வேணுமே ஃபீபி. வக்கீல் பேசி வெச்சிருக்கேன். சீக்கிரம் வெளிய வந்துடுவான். அவன் குடும்பத்தை நான் விட்டுடுவேனா?"

"ஜீப்பு குர்ஷித் ஜன்னலைத் தாண்டிப் போறப்ப அவளுக்கும் வக்கீல் பேசுவாரா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஃபீபிக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கேட்காமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

"என்னை ஏன் கூப்ட்டீங்க பாய்? வேலூர்ல வேற ஆளே இல்லையா?"

"உன் வார்த்தைக்குத்தான் இத்தாலிக்காரன் மதிப்பு குடுப்பான்."

"அது மட்டும்தானா?"

நிசார் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது, பொய் இல்லை.

"வேற யாரு வந்தாலும் முதல்ல என்னைத்தான் சந்தேகப்படுவாங்க. நீ மாட்டேன்னு தெரியும்."

பாவி! பதினெட்டு வருஷப் பாசத்தையும் நம்பிக்கையையும் எடைபோட்டுப் பார்த்து, எங்கே உதவும் என்று கணக்காக எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறான். அழுதுவிடக் கூடாது, இவர் முன்னால் அழவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இன்ஸ்பெக்டருக்கு நீங்களே போன் போடுங்க. தப்பா சொல்லிட்டேன், சமீருல்லா மேல ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. என் முன்னாடி."

அவர் போன் போட்டார். சொன்னார்.

"இத்தாலிக்காரன்கிட்ட நான் பேசறேன். நடந்ததைச் சொல்வேன். கூட்டாமலும் சொல்வேன், குறைக்காமலும் சொல்வேன்."

"ஃபீபி, இந்தக் கம்பெனில எத்தனை குடும்பம்..."

"தெரியும். அதுல சமீருல்லா குடும்பமும் ஒண்ணு."

பேப்பரைப் பிரித்து, உள்ளே இருந்ததை மேஜை மேல் வைத்தாள். குழந்தைகள் போடும் பழுப்பு ஷூ, இடது கால். அவள் தரம் பார்த்து வெளிநாட்டுக்குப் போன முதல் ஆர்டரின் சாம்பிள். ஒண்ணு உன்கிட்ட இருக்கட்டும், ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும் என்று அன்றைக்கு அவர் கொடுத்தது.

"சோடி உங்க அலமாரியில இருக்கு பாய். ரெண்டையும் நீங்களே வெச்சுக்கோங்க."

நிசார் அதைத் தொடவில்லை. அவள் படி இறங்கினாள்.

*

டைம் ஆபீஸ் வாசலில் தனகோடி சமீருல்லாவின் செல்போனை வாங்கி அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போங்க பாய். ஜீப்பு வராது. நீங்க சொன்னது நிஜம்னு கல்லு காட்டிடுச்சு," என்றாள் ஃபீபி.

சமீருல்லா எழுந்தார். உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்துப்போய் ஒரு கணம் தடுமாறினார். பிடிக்க நீண்ட அவள் கையை அவர் பிடித்துக்கொள்ளவில்லை.

"தலைப் பெட்டி வரலன்னு காலையிலயே சொன்னேனே மேடம்."

"சொன்னீங்க."

"நான் சொன்னப்ப நம்பல. கல்லு சொன்னதும் நம்பிட்டீங்க."

"ஆமா பாய். நீங்க சொன்னப்ப நம்பல. என் தப்புதான்."

அவர் தலையாட்டினார். மன்னித்தாரா இல்லையா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நாலடி நடந்தவர் திரும்பினார்.

"யாரு மேடம் செஞ்சது?"

ஃபீபியால் பெயரைச் சொல்ல முடியவில்லை. மாடி ஜன்னலைப் பார்த்தாள். சமீருல்லாவும் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது அந்த மனுஷனின் முகம் இருந்த இருப்பை ஃபீபியால் பார்க்க முடியவில்லை. எப்போதும் ஏதாவது சொல்லும் தனகோடியும் தலையைக் குனிந்துகொண்டார்.

டைம் ஆபீஸ் மேஜை மேல் காலி டீ கிளாஸ் இன்னும் அங்கேயே இருந்தது.

"அவர் கையாலயே டீ கொண்டாந்து குடுத்தாரு மேடம்," என்றார் சமீருல்லா.

"நானும் பார்த்தேன் பாய்," என்றாள் ஃபீபி.